கதவு இங்கே, கண்ணாடி அங்கே: புதுப்பேட்டையில் ஒரு நடை

எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் "புதுப்பேட்டை போகணும்" என்று சொன்னால், "எந்த வண்டிக்கு சார் சாமான்?" என்று அவரே திருப்பிக் கேட்பார். யார் வீட்டுக்கு, எந்தத் தெருவுக்கு என்ற கேள்வியெல்லாம் பிறகுதான். சென்னையில் அந்தப் பேட்டைக்கும் பழைய வண்டிக்கும் அப்படியொரு உறவு.

அண்ணா சாலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் கூவத்தைப் பாலத்தில் தாண்டி ஆதித்தனார் சாலையில் நுழைவார்கள். பழைய ஆட்கள் இன்னும் ஹாரிஸ் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். ஒரு பக்கம் எழும்பூர், மறுபக்கம் கூவம், ஆற்றுக்கு அந்தண்டை சிந்தாதிரிப்பேட்டை. இதற்கு நடுவே உள்ள குறுகலான தெருக்களில்தான் நகரத்தின் கார்களும் பைக்குகளும் கடைசியாக வந்து சேர்கின்றன. சேர்வதோடு முடிவதில்லை. நட்டு நட்டாகப் பிரிந்து, வேறு வண்டிகளில் ஏறி மறுபடியும் ரோட்டுக்குப் போய்விடுகின்றன.

புதுப்பேட்டையைப் பற்றி ஒரு பழைய ஜோக் உண்டு. அங்கே காரை நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால், உங்கள் கார் ஸ்டீரியோவையே உங்களிடம் எடுத்துக் காட்டி விலை சொல்வார்களாம். 2006-ல் செல்வராகவன் இயக்கத்தில் தனுஷ் நடித்து அதே பெயரில் வந்த படமும் பேட்டையின் பெயருக்கு ஒரு முரட்டு முகத்தை ஒட்டிவிட்டது. ஆனால், பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகம் இருந்ததும் இதே எழும்பூரில், நடந்து போகிற தூரத்தில்தான். இப்போது அது காவல் அருங்காட்சியகம்.

தெருவுக்குள் கால் வைத்ததும் முதலில் வரவேற்பது வாசனை. கருப்பு ஆயிலும், சூடான இரும்பும், பக்கத்துக் கூவமும் கலந்த ஒரு வாசனை. தரையில் கிரீஸ் படிந்து படிந்து மண் எது, தார் எது என்று தெரியாது. கடை என்றால் பத்தடிக்குப் பத்தடி. ஆனால் அதற்குள் இருக்கும் சரக்கு தலைசுற்ற வைக்கும். நூலகத்துப் புத்தகம் மாதிரி கார் கதவுகளை நிறுத்தி அடுக்கியிருப்பார்கள். மேலே பம்பர்கள் தொங்கும். ஒரு கடையில் ஹெட்லைட் மட்டும், இன்னொன்றில் ஸ்டியரிங் மட்டும், அடுத்ததில் சைடு மிரர் மட்டும். ஒருவர் வாழ்நாள் முழுக்க கியர்பாக்ஸ் தவிர வேறெதையும் தொட்டிருக்க மாட்டார். பக்கத்துக் கடைக்காரருக்கு ஸ்பீடா மீட்டர்தான் உலகம்.

கம்ப்யூட்டரில் ஸ்டாக் பார்க்கிற வழக்கம் இல்லை. "2012 சாண்ட்ரோ, இடது பக்கப் பின் கதவு, வெள்ளை" என்றால், கடைக்காரர் ஒரு நொடி கண்ணை மூடித் திறப்பார். பையன் ஒருவன் நாலு கடை தள்ளி ஓடிப்போய்க் கதவோடு வருவான். இந்தத் தெருவின் சரக்குக் கணக்கு எல்லாம் மனப்பாடம்.

இங்கே வருகிற கூட்டத்தைக் கவனித்தால் பணக்காரர்களும் இல்லை, பரம ஏழைகளும் இல்லை. இரண்டாம் கையாக, சில சமயம் மூன்றாம் கையாக ஒரு காரை வாங்கிவிட்டு, அதை விடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் தவிக்கிற நடுத்தரக் குடும்பங்கள்தான் அதிகம். கார் வாங்கும்போது ஒன்றரை லட்சம். மூன்றாம் வருடம் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கிற எஸ்டிமேட் அறுபதாயிரம். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கியவர்களுக்குத்தான் வயிற்றுக்குள் என்ன செய்யும் என்று தெரியும்.

அதிலும் காரைத் தயாரித்த கம்பெனியே கடையைக் கட்டியிருந்தால் கவலை இரட்டிப்பு. அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. அதே வருடம் மாருதி 800-க்கும் விடை கொடுத்தார்கள். செவ்ரலே 2017 முடிவில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. சென்னைக்காரர்களின் மனசுக்கு நெருக்கமான கதை ஃபோர்டுடையது. 1999-ல் ஐகான், 2010-ல் ஃபிகோ, பிறகு ஈகோஸ்போர்ட் என்று மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகள் ஊர் முழுக்க ஓடுகின்றன. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தபோது, சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்றும் சொன்னது. ஆனாலும் பழைய ஃபோர்டு வைத்திருக்கிற வீடுகளில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலே நெஞ்சு திக்கென்கிறது.

அம்பத்தூரிலிருந்து வருகிற ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். 2011 மாடல் டீசல் கார். வாங்கியதற்குக் காரணம் ஆடம்பரம் இல்லை. கணவரின் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஆட்டோவில் ஏற முடியாது, பஸ்ஸை நினைக்கவே முடியாது. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகவில்லை. இடது ஹெட்லைட் ஒரு சின்ன இடியில் கழன்றுவிட்டது. முன் கதவுக் கண்ணாடி பாதியில் நிற்கிறது. போதாததற்கு, டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் கூட்டிப் போட்டு ஓர் ஒர்க்‌ஷாப் கொடுத்த எஸ்டிமேட் அரை லட்சத்தைத் தொடுகிறது.

"இன்னா சார், பழசைக் கழட்டி எடுத்தாந்தீங்களா?" என்பதுதான் புதுப்பேட்டையின் முதல் கேள்வி. சாம்பிள் இல்லாமல் வந்தால் பாதி நாள் வீண். ஒரே மாடலிலேயே வருடத்துக்கு வருடம் பிளக் மாறும், போல்ட் ஓட்டை இடம் மாறும். கழற்ற முடியாததாக இருந்தால், அதன் மேல் அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரை செல்போனில் படம் பிடித்து வருவது புத்திசாலித்தனம்.

"இருக்குங்க பாய்" என்று மனைவி பையிலிருந்து ஆல்டர்னேட்டரை எடுத்து வைக்கிறார். எஸ்டிமேட்டில் பெரிய தொகை இதற்குத்தான், முழுசாகப் புதிது மாற்ற வேண்டும் என்று. கடைக்காரர் புல்லியை விரலால் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்கிறார். "இதுக்கு எதுக்குமா புதுசு? காயில் நல்லா இருக்கு. பேரிங் போயிருக்கு, கார்பன் தேஞ்சிருக்கு. ரெண்டையும் மாத்திட்டா ஓடும்."

புதுப்பேட்டை மொத்தமும் இந்த ஒரு பேச்சில் அடங்கிவிடுகிறது. பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஒரு பாகம் கெட்டால் அசெம்பிளியாகக் கழற்றிவிட்டு அசெம்பிளியாகவே மாட்டுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. பிரித்துப் பார்க்க நேரம் கிடையாது, பிரித்துச் சரி செய்ததற்கு வாரண்டியும் தர முடியாது. இங்கேயோ அந்த அசெம்பிளியையும் பிரிக்கிறார்கள். கதவுக் கண்ணாடி இறங்கவில்லையா? மோட்டார் போயிருக்கிறதா, கேபிள் அறுந்திருக்கிறதா, வெறும் சுவிட்சா என்று மூன்றாகப் பார்ப்பார்கள். சைடு மிரர் உடைந்தால் கண்ணாடி மட்டும் கிடைக்கும், கூடு மட்டும் கிடைக்கும். ஏசி கம்ப்ரஸர் சத்தம் போட்டால், சில நேரம் அதன் முன்னால் இருக்கிற புல்லி பேரிங் ஒன்றுதான் வில்லன். ஹெட்லைட்டின் லாக் மட்டும் உடைந்திருந்தால் அதை ஒட்ட வைத்துத் தரவும் ஆள் உண்டு. அரை லட்ச ரூபாய் எஸ்டிமேட் சுருங்குவது பேரத்தால் மட்டும் இல்லை, இப்படிப் பிரிப்பதால்தான்.

பேரமும் உண்டு, அது தனி நாடகம். சொன்ன விலைக்கு வாங்குகிறவரைத் தெருவே பரிதாபமாகப் பார்க்கும். ஆனால், விலையைவிட முக்கியமான வாக்கியம் வேறு: "மாட்டிப் பார்த்து சரியில்லைன்னா மாத்தித் தருவீங்களா?" எலெக்ட்ரிகல் சாமான் வாங்கும்போது இதைக் கேட்காமல் பணத்தை நீட்டக் கூடாது. பில்லில் எழுதித் தரச் சொன்னால் இன்னும் நல்லது.

ஹெட்லைட்டும் அமைந்துவிட்ட சந்தோஷத்தில் கணவர், "அண்ணே, டைமிங் பெல்ட்டும் பழசுல கிடைக்குமா?" என்று கேட்டுவிடுகிறார். கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார். "இருந்தாலும் குடுக்க மாட்டேன் சார்."

சரியான பதில். இந்தத் தெருவுக்கு வருகிறவர்கள் எதைப் பழசாக வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்று தெரிந்துகொண்டு வர வேண்டும். கதவு, பானெட், டிக்கி, கண்ணாடி, விளக்கு, சீட், வீல் ரிம், ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவற்றைத் தாராளமாகப் பழசில் பார்க்கலாம். ரப்பர் கலந்த எதுவும் பழசில் வேண்டாம். பெல்ட், ஹோஸ், புஷ், டயர் எல்லாம் வயதானால் வெளியே பளபளப்பாக இருந்தே உள்ளே வெடித்திருக்கும். பிரேக் சம்பந்தப்பட்ட பேட், ஷூ, சிலிண்டர், கிளட்ச் பிளேட், வாட்டர் பம்ப் ஆகியவையும் புதுசுதான். ஏர்பேக், சீட் பெல்ட் பக்கம் கையே போகக் கூடாது. ஒரு முறை விபத்தைப் பார்த்துவிட்ட சீட் பெல்ட், அடுத்த முறை தாங்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

டைமிங் பெல்ட் எல்லா காரிலும் இருப்பதில்லை, சில இன்ஜின்களில் அதற்குப் பதில் செயின் இருக்கும். பெல்ட் உள்ள டீசல் காரில் அது ஓடும்போது அறுந்தால், வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி இன்ஜின் ஹெட்டையே இறக்க வேண்டிவரும். சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய், காரின் விலையில் பாதியைத் தொலைக்கிற இடம் அது.

புதிய சாமானுக்கு வேறு தெரு. அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. வாயில் நுழையாத பெயர் என்பதால் எல்லோருக்கும் அது ஜி.பி. ரோடு. புதுப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் சில நிமிடம்தான். கண்ணாடி போட்ட ஷோரூம்களும், கவுன்ட்டர் மட்டும் உள்ள சின்னக் கடைகளுமாக, சீல் பிரிக்காத சாமான்கள் வரிசையாக இருக்கும். இங்கேயும் விவரம் தேவை. கார் கம்பெனியின் பெயரோடு வரும் பெட்டி ஒரு விலை. அதே பாகத்தைக் கம்பெனிக்குத் தயாரித்துக் கொடுக்கிறவரின் சொந்தப் பெட்டியில் வந்தால் பெரும்பாலும் விலை குறைவு. மூன்றாவதாக, பார்த்தால் வித்தியாசமே தெரியாத போலி. பெட்டியின் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், நம்பாமல் இருப்பதே நல்லது.

அம்பத்தூர் தம்பதி பெல்ட்டையும் அதோடு மாற்ற வேண்டிய டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் இங்கேதான் புதுசாக வாங்குகிறார்கள். மொத்தக் கணக்கு, தெரிந்த மெக்கானிக்கின் கூலி உட்பட, எஸ்டிமேட்டில் பாதிக்கும் கீழே. ஒரு நாள் லீவும், இரண்டு சாத்துக்குடி ஜூஸும் தனி. மாமியாருக்கு அடுத்த பிசியோதெரபி வெள்ளிக்கிழமை. அதற்குள் வண்டி தயாராகிவிடும்.

இன்ஜினே போய்விட்டவர்களும் புதுப்பேட்டைக்கு வருகிறார்கள். அங்கே சட்டம் குறுக்கே வரும். கதவை மாற்றுவதுபோல் இன்ஜினை மாற்றிவிட முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற இன்ஜின் நம்பர் வேறாகிவிடும் என்பதால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், புது நம்பரைப் பதிய வேண்டும். வாங்குகிற இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும். நம்பர் இருக்கிற இடத்தில் தேய்த்த தடம் தெரிந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். திருட்டுப் பொருளை வாங்கியவரும் போலீஸ் ஸ்டேஷன் படியேற நேரும்.

தன் காரையே உடைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போனால் போதாது. ஆர்.சி.யை ரத்து செய்ய எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி இல்லாமலே அதன் நம்பர் உங்கள் பெயரில் ஊரைச் சுற்றும்.

அப்படியானால் எந்தக் கட்டத்தில் காரை விட்டுவிடுவது? காரின் விலையையும் ரிப்பேர் செலவையும் ஒப்பிட்டுப் பலர் கலங்குகிறார்கள். ஒப்பிட வேண்டியது அடுத்த காரின் தவணையோடு. ஆறு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஏழு வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 9,650 ரூபாய். வருடத்துக்கு ஒரு லட்சத்து பதினைந்தாயிரத்தைத் தாண்டுகிறது. அந்தக் கணக்கில் நாற்பதாயிரம் ரூபாய் ரிப்பேர் என்பது நாலு மாதத் தவணைதான். ஆனால் அடித்தளத்தில் துரு ஏறி ஓட்டை விழுந்திருந்தாலோ, இன்ஜினைப் பிரித்துக் கட்ட வேண்டி வந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது. அதேபோல் 15 வருடம் முடியப் போகிற காருக்குப் பெரிய செலவு செய்யும் முன், பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக மத்திய அரசு உயர்த்தியது. வண்டி எஃப்.சி.யில் தேறினால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள்.

மத்திய அரசின் வாகன அழிப்புக் கொள்கை 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பதிவு பெற்ற மையத்தில் காரை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கினால், புதிய கார் வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர அதில் வழி இருக்கிறது. அங்கே போகிற கார்கள் புதுப்பேட்டைக்கு வராது. இன்னொரு பக்கம், புதிய கார்களின் வயிற்றில் கம்ப்யூட்டர் பெருகிவிட்டது. ஒரு காரில் கழற்றியதை இன்னொன்றில் மாட்டினால் பல நேரம் வண்டி அதை ஏற்பதில்லை, புரோகிராம் செய்ய வேண்டும். புல்லியைக் காதருகே வைத்து நோய் சொல்கிற பாய்க்கு இது புதுத் தலைவலி. அவர் மகன் லேப்டாப்போடு கடையில் உட்கார்ந்திருக்கிறான். ஸ்கேனர் வயர் ஒன்று கதவு அடுக்குக்கு நடுவே தொங்குகிறது.

போகிறவர்கள் காலையில் போவது நல்லது. மதியத்துக்கு மேல் தெருவில் நடக்கவே இடம் இருக்காது. சொந்தக் காரில் போக வேண்டாம், ஜோக்குக்குப் பயந்து அல்ல, நிறுத்த இடம் கிடையாது. வெள்ளைச் சட்டையும் வேண்டாம்.