படத்தைப் பார்ப்பதற்கு முன்

அப்பாவின் அலைபேசியில் ‘உங்கள் கருவி புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்றொரு வரி இருக்கிறது. அதற்குக் கீழே, சிறிய எழுத்தில், பாதுகாப்புத் திருத்தம் கடைசியாக வந்த நாள். ஆண்டு 2021. இரண்டுமே உண்மைதான். தயாரித்த நிறுவனம் அனுப்பியவை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. பிறகு அது அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அப்பா மேல் வரியை மட்டும் படித்துவிட்டு, “எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்றார். அம்மா தன் சேமிப்பிலிருந்து வாங்கித் தந்த அலைபேசி அது. அம்மா இப்போது இல்லை.

திறக்காத படம் ஒன்றும் செய்யாது என்பது அவருடைய வாதம். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 2005 டிசம்பர் இறுதியில் விண்டோஸின் டபிள்யூஎம்எஃப் படங்களைப் பற்றிய செய்தி வந்தபோது அந்த எண்ணம் கலைந்தது. அச்சிடுவது பாதியில் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்னும் நிரலைப் படத்துக்குள்ளேயே வைக்க அந்தப் படவகை இடம் தந்திருந்தது. கணினிகள் தனித்தனியே கிடந்த காலத்தின் ஏற்பாடு அது. இணையத்தில் அதுவே திருடர்களின் வாசலாயிற்று. இல்ஃபாக் கில்ஃபனோவ் என்ற நிரலாளர் தாமே ஒரு தற்காலிகத் திருத்தம் எழுதி வெளியிட்டார். மைக்ரோசாப்டின் திருத்தம், வழக்கமான செவ்வாய்க்கிழமை வரை காத்திராமல், 2006 ஜனவரி 5 அன்று வந்தது.

நாம் பார்ப்பதற்கு முன்பே படத்தை இயந்திரம் படித்துவிடுகிறது. சுருக்கி வைத்ததை விரித்தால்தானே சிறு உருவையாவது காட்ட முடியும்? 2023 செப்டம்பரில் நடந்ததும் இதுதான். பெகாசஸ் என்னும் உளவு மென்பொருள், உரியவர் எதையும் தொடாமலே, படங்களின் வழியாக ஓர் ஐபோனுக்குள் நுழைந்ததை டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் கண்டறிந்தது. ஆப்பிள் 7ஆம் தேதியே திருத்தம் வெளியிட்டது. சில நாட்களில் கூகுள் தன் குரோம் உலாவியைத் திருத்தியது. அங்கே வழு, வெப்பி வகைப் படங்களை விரிக்கும் லிப்வெப்பி என்ற நிரல் தொகுப்பில் இருந்தது. எத்தனையோ மென்பொருள்கள் தத்தமக்கென்று அதன் ஒரு பிரதியை வைத்திருந்ததால் ஒவ்வொன்றையும் தனித்தனியே திருத்த வேண்டியிருந்தது. அப்பாவின் உலாவி தானாகப் புதுப்பித்துக்கொண்டுவிட்டது. அலைபேசியின் அமைப்புக்குள் இருக்கும் பிரதி அப்படியே கிடக்கிறது.

அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். எனவே ஹஃப்மனிலிருந்து தொடங்கினேன். டேவிட் ஹஃப்மன் 1952இல் வெளியிட்ட முறை இது: அடிக்கடி வருவதற்குக் குட்டையான குறியீடு, அரிதாக வருவதற்கு நீளமானது. “எங்க கேஸும் அப்படித்தான். அடிக்கடி வர்ற எழுத்து கைக்குப் பக்கத்துல இருக்கும்” என்றார் உடனே. குறியீடுகளின் நீளங்களைப் படமே சொல்கிறது. அதை நம்பி மென்பொருள் ஓர் அட்டவணை போடுகிறது. நீளங்கள் பொய்யானால் அட்டவணை ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதிவிடும். “ஸ்டிக்குக்கு மேல கோத்துட்டானா?” என்றார். நான் படித்த எந்த விளக்கத்தையும்விட இது நன்றாக இருந்தது.

ஆனாலும் கேட்டார்: “எனக்கு யாருப்பா அப்படிப் படம் அனுப்பப் போறாங்க?” நியாயமான கேள்வி. பெகாசஸ் அவரைத் தேடி வராது. ஆனால் திருத்தம் வெளியானதும் ஓட்டை எங்கே இருந்தது என்பதும் வெளியாகிவிடுகிறது. திருத்தம் கிடைக்காத கருவிகளைத் தேடிப் போகச் சிறு திருடர்களுக்கு அது போதும். அவருடைய ஓய்வூதியக் கணக்கின் கடவுச்சொற்கள் வந்து சேர்வதும் அந்த அலைபேசிக்குத்தான்.

சிம் அட்டையைப் புதிய கருவிக்கு மாற்றிக்கொடுத்தேன். பழையதை வாங்கிவிட மனம் வரவில்லை. அதில் இணையத்தை நிறுத்தினேன்; அம்மாவின் படங்கள் இருக்கின்றன. புதியதில் காலை வணக்கத்தோடு ஒரு ரோஜாப்பூ வந்தால், “இதைத் தொடலாமா?” என்று அறையிலிருந்து குரல் கொடுக்கிறார். தொடலாம் என்கிறேன். எனக்குத் தெரியும், அதற்குள் அது விரிந்தாகிவிட்டது.