மைல்கல் இல்லாத சாலை

பெயரில் மட்டும்தான் இது சாலை. பிரெஞ்சில் ‘ஓட் ரூட்’ என்றால் உயரத்துச் சாலை. பிரான்ஸின் ஷாமனியில் தொடங்கி சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட்டில் முடிகிற இந்தத் தடத்தில் தாரும் இல்லை, மைல்கல்லும் இல்லை. இரவு பனி பெய்தால் நேற்றுப் போனவர்களின் சுவடும் இருக்காது. 1861-ல் ஆங்கிலேய மலையேறிகள் கோடையில் நடந்து வகுத்த வழி இது. இன்று வசந்தகாலத்தில் ஸ்கீ மாட்டிக்கொண்டு ஆறேழு நாளில் கடக்கிறார்கள்.

ஏறும்போது ஸ்கீயின் அடியில் ஒரு பட்டையை ஒட்டுவார்கள். முன்னே தள்ளினால் வழுக்கும், பின்னே சரியாமல் பிடிக்கும். ஒரு காலத்தில் அது கடல்நாய்த் தோல். இப்போது மொஹேர், நைலான். பெயர் மட்டும் இன்னும் ‘தோல்’தான்.

ஆர்ஜான்டியேர் பனியாற்றைத் தாண்டி 3,323 மீட்டர் உயரமுள்ள ஷார்டொனே கணவாய். அதன் மறுபுறம் செங்குத்து; பலர் கயிறு பிடித்தே இறங்குகிறார்கள். பிறகு ட்ரியான் குடில், ஷாம்பே கிராமம். அங்கிருந்து வெர்பியேவுக்கு பஸ்! சிரிக்க வேண்டாம். பழைய வழி வல்சோரே குடிலுக்கு மேல் ஒரு கொடுஞ்சரிவில் ஏறுகிறது. பஸ் டிக்கெட் அதைத் தவிர்த்துவிடும். வீரத்தைவிட விவேகம் மலிவு.

வெர்பியேவிலிருந்து கிழக்கே போனால் டிக்ஸ் ஏரி. அதைத் தேக்கி நிற்கும் கிராண்ட் டிக்ஸான்ஸ் அணையின் உயரம் 285 மீட்டர். வழி ஏரிக்கரையோடு, சரிவுகளின் காலடியிலேயே போகிறது. வெயில் ஏற ஏற மேலே பனி இளகும். அதனால் இருட்டிலேயே கிளம்பி, உச்சிவெயிலுக்குள் அடுத்த குடிலைப் பிடித்துவிட வேண்டும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில்தான் கிளம்புகின்றன. ஒவ்வொருவர் மார்பிலும், புதைந்தால் இடத்தைக் காட்ட, 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஒரு கருவி, பையில் துழாவும் கம்பி, மண்வெட்டி. புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை, கூட வந்தவர்தான் தோண்ட வேண்டும்.

ஆனால் இந்தப் பாதையின் பெரிய துயரங்களில் ஒன்றுக்குக் காரணம் பனிச்சரிவு அல்ல. 2018 ஏப்ரல் கடைசியில் பீன்ய் தரோலா சிகரப் பக்கம் 14 பேரைப் புயல் வளைத்தது. கண்ணை மறைக்கும் வெண்மையில் திசை தவறி, திறந்தவெளியில் இரவைக் கழித்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். வின்யெட் குடில் அங்கிருந்து சில நூறு மீட்டர்தான்.

கடைசி நாள்தான் நீளம்: மூன்று கணவாய்கள், சுமார் 30 கிலோமீட்டர். 2024 மார்ச்சில் இதே தடத்தில் ஸெர்மாட்டிலிருந்து எதிர்த்திசையில் கிளம்பிய ஆறு பேர் தேத் பிளான்ஷ் அருகே புயலில் சிக்கினார்கள்; ஐந்து உடல்கள் கிடைத்தன. இங்கே நடக்கும் ராணுவப் பந்தயத்தில் 1949-ல் ஒரு மூவரணி பனிப்பிளவில் விழுந்து மாண்டது. அதன்பின் 1984 வரை பந்தயமே நடக்கவில்லை.

வல்பெலின் கணவாயில் ஏறி நின்றால் மேட்டர்ஹார்ன் திடீரென்று எதிரே எழும்பும். பிறகு இறக்கம்தான்: ஸ்டாக்ஜி, ஸ்முட் பனியாறுகள். சீசன் முடிவில் ஊருக்கு மேலேயே பனி தீர்ந்துவிடும். ஸ்கீயைத் தோளில் போட்டு, கனத்த பூட்ஸ் டக் டக்கென்று ஒலிக்க ஸெர்மாட் கடைவீதிக்குள் நுழைவார்கள். பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை உள்ள ஊர் அது. மின்சார டாக்ஸிகள் சத்தமில்லாமல் விலகிப் போகும்.