பசுமை விடுதியின் கழிவுத்தொட்டி

'துண்டை மறுபடி பயன்படுத்துங்கள், பூமியைக் காப்போம்' என்று விடுதி அறைகளில் அட்டை வைக்கிறார்கள். நல்லதுதான், தோழர்களே. ஆனால் அரியமங்கலம் குப்பைமேட்டுப் புகையைச் சுவாசித்து வளர்ந்த பொன்மலைக்காரர்கள் நாங்கள். எங்கள் கேள்வி வேறு.

உணவுக் கழிவைத் தனியே பிரித்து உரமாகவோ எரிவாயுவாகவோ ஆக்கச் சொல்கின்றன திடக்கழிவு விதிகள். பிரிக்கும் கை யாருடையது? அதைச் சாதி முன்பே முடிவுசெய்து வைத்திருக்கிறது.

2019 ஜூனில் குஜராத்தின் தபோய் அருகே, ஒரு ஹோட்டல் கழிவுத்தொட்டியில் துப்புரவுத் தொழிலாளர் நால்வரும் ஹோட்டல் ஊழியர் மூவரும் மூச்சுத்திணறி இறந்தார்கள். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம்.

பசுமைச் சான்றிதழ் காட்டும் விடுதியிடம் கேட்போம்: தொட்டியைச் சுத்தம் செய்வது இயந்திரமா, மனிதரா? குப்பை பிரிப்பவர் நிரந்தர ஊழியரா, ஒப்பந்தக் கூலியா? அவருக்குக் கையுறை உண்டா? பதில் வரட்டும், பிறகு கைதட்டுவோம்.