கல்கத்தாவில் வந்து இறங்கிய ஏரிப் பனி



கொல்கத்தா மாநகருக்கு நீங்கள் வர நேர்ந்தால், பி.பி.டி. பாக் சதுக்கத்திலிருந்து ஹூக்ளி நதியை நோக்கிச் செல்லும் ஹேர் வீதியில் சற்று நடந்து பாருங்கள். அலுவலகங்களும் வழக்கறிஞர்களும் தேநீர்க் கடைகளும் நிறைந்த வீதி அது. அங்கே சிறு வழக்கு நீதிமன்றத்தை ஒட்டிய பகுதியில், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. அதில் வைக்கப்பட்டிருந்த பனிக்கட்டி எந்த இயந்திரத்திலும் உருவானதன்று. அமெரிக்காவின் ஏரிகளில் இயற்கையாய் உறைந்து, கப்பலேறி வந்தது.

ஜனவரி மாத அதிகாலையிலும் கொல்கத்தாவில் தண்ணீர் உறைவதில்லை. ஆயினும் குளிர்ந்த நீருக்கான ஏக்கம் இங்கே பழமையானது. ஹூக்ளிக்கு அருகிலுள்ள சின்சுரா பகுதியில், குளிர்கால இரவுகளில் ஆழமற்ற குழிகளில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் அகன்ற மண்சட்டிகளில் சிறிதளவு தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். மேகமற்ற வானத்தின்கீழ் நீர் தன் வெப்பத்தை இழந்து, விடியுமுன் மெல்லிய ஏடாக உறையும். அதைச் சுரண்டிச் சேர்த்து விற்றார்கள். அது சேறுபோல் குழைந்திருக்கும். குடிநீரில் இடத் தகுதியற்றது.

டஸ்கனி கப்பலின் வருகை

பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர் 1806-ஆம் ஆண்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்ட்டினிக்குக்குப் பனிக்கட்டி அனுப்பியவர். 1833-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி அவரும் அவருடைய கூட்டாளிகளும் 180 டன் பனிக்கட்டியை டஸ்கனி என்னும் கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினர். பூமத்திய ரேகையை இருமுறை கடந்து, நான்கு மாதப் பயணத்திற்குப் பின் செப்டம்பரில் கப்பல் வந்து சேர்ந்தபோது, ஏறத்தாழ 100 டன் கரையாமல் எஞ்சியிருந்தது. சுங்க வரி தள்ளுபடி செய்யப்பட்டது. வெயிலுக்கு அஞ்சி இரவில் சரக்கிறக்க அனுமதி கிடைத்தது. கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் பிரபு, சரக்குடன் வந்த வில்லியம் ரோஜர்ஸ் என்பவருக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணத்தைப் பரிசளித்தார். நகரத்தார் நிதி திரட்டிக் கிடங்கு கட்டினார்கள்.

கல்கத்தாவைத் தொடர்ந்து பம்பாயிலும் சென்னையிலும் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட கிடங்கு மாத்திரமே இன்றளவும் நிற்கிறது. அதுவே இன்றைய விவேகானந்தர் இல்லம். திருவல்லிக்கேணியில் 'ஐஸ் ஹவுஸ்' என்று பேருந்தில் சீட்டு வாங்கிய நம்மவர்கள் எத்தனையோ பேர்! இந்தியாவிலேயே இயந்திரங்கள் பனிக்கட்டி உற்பத்தி செய்யத் தொடங்கியபின், 1880-களில் இந்த வியாபாரம் மறைந்துபோயிற்று.

அளந்த பின்னரே அடியெடுத்து வைத்தார்கள்

இந்தப் பனிக்கட்டி எவ்வாறு அறுவடை செய்யப்பட்டது என்பதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. நவம்பர், டிசம்பரில் ஏரி உறைந்தவுடன் எவரும் குதிரைகளை அதன்மேல் இறக்கவில்லை. பனிக்கட்டியில் துளையிட்டுத் தடிமனை அளந்தார்கள். மேலே விழுந்த வெண்பனி போர்வையைப்போல் குளிரைத் தடுத்து உறைதலைத் தாமதப்படுத்தும் என்பதால், அதை வழித்து அகற்றினார்கள். போதிய தடிமன் வந்தபின்னரே, 1825-இல் நத்தானியேல் வையத் உருவாக்கிய, குதிரைகள் இழுக்கும் வெட்டுக் கலப்பையைக் கொண்டு கட்டங்கட்டமாக அறுத்தார்கள். அப்படியும் பனிக்கட்டி உடைந்து குதிரைகள் நீரில் விழுவதுண்டு. ஆகையால் வெளியே இழுப்பதற்கென்று அவற்றின் கழுத்தில் எப்போதும் ஒரு கயிற்றுச் சுருக்கை மாட்டி வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் அதே ஏரியில் உழைத்தவர்களே இவ்வளவு ஜாக்கிரதையாய் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இதை ஏன் எழுதுகிறோம்? அன்று ஏரிப் பனி நம்மைத் தேடி வந்தது. இன்று நம் பிள்ளைகள் அந்த ஏரிகளின் அருகே குடியிருக்கிறார்கள். டொராண்டோவில் வாழும் தமிழர்களுக்கு வடக்கே சிம்கோ ஏரி இருக்கிறது. உறைந்த ஏரியில் துளையிட்டுத் தூண்டிலிடுவதற்குப் பெயர்பெற்ற இடம் அது. பனிக்காலத் தொடக்கத்தில் மீன் நன்றாகக் கடிக்கும் என்பதால், முதல் பனிக்கட்டியின்மேல் செல்ல ஆசை மிகுதி. கொல்கத்தாவிலிருந்தோ, சியால்தாவில் இரவு ரயிலேறி, நியூ ஜல்பாய்குரியில் இறங்கி, காங்டாக் வழியாக சிக்கிமின் சாங்கு ஏரிக்குச் செல்லும் குடும்பங்கள் ஏராளம். 12,000 அடிக்கும் மேலான உயரத்திலுள்ள அந்த ஏரியும் குளிர்காலத்தில் உறைகிறது.

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள வுட்ஸ் கேன்யன் ஏரிக்கு உல்லாசமாய்ச் சென்ற இந்தியக் குடும்பங்களில் மூவர், உறைந்த ஏரியின்மேல் நடந்தபோது பனிக்கட்டி உடைந்து மாண்டுபோனார்கள். விடுமுறை நாள், அழகிய காட்சி, கல்லைப்போல் தோன்றிய தரை. இவை மூன்றும் போதுமானதாயிருந்தன.

தொடக்கப் பனியின் தன்மை

ஏரி ஒரே சீராய் உறைவதில்லை. 4 பாகை செல்சியஸில் நீரின் அடர்த்தி அதிகம். ஆகவே குளிர்ந்த நீர் அடியில் இறங்கிக்கொண்டேயிருந்து, ஏரி முழுவதும் அந்த அளவை எட்டிய பின்னரே மேற்பரப்பு உறையத் தொடங்கும். ஆழமற்ற கரையோரம் முந்தியும், ஆழமான நடுப்பகுதி பிந்தியும் உறையும். ஓடைகள் வந்து கலக்கும் இடத்திலும், அடியில் ஊற்றுள்ள இடத்திலும், பாலத்தின் கீழும், நாணல் புதர்களின் அருகிலும் பனிக்கட்டி மெலிந்தே இருக்கும். கரையருகே அரை அடி இருந்தது என்பதற்காக, இருபது அடி தள்ளியும் அப்படியே இருக்கும் என்று எண்ணலாகாது.

ஏரிகள் மிகுந்த மினசோட்டா மாநில அரசின் வழிகாட்டுதலின்படி, ஒருவர் நடப்பதற்கும் தூண்டிலிடுவதற்கும் குறைந்தது 4 அங்குலம் (10 செ.மீ.) தெளிந்த, புதிய பனிக்கட்டி வேண்டும். கனடா செஞ்சிலுவைச் சங்கம் தனியாய் நடப்பதற்கே 15 செ.மீ. தேவை என்கிறது. வெண்ணிறமாய்த் தோன்றும் பனிக்கட்டி தெளிந்ததின் வலிமையில் பாதியே உடையது. ஆகவே அதற்கு இருமடங்கு தடிமன் வேண்டும். எந்தப் பனிக்கட்டியும் முற்றிலும் பாதுகாப்பானது அல்ல என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்லுகிறார்கள்.

தூண்டிலிடச் செல்வோர் முதலில் உள்ளூர்த் தூண்டில் கடையில் விசாரிக்க வேண்டும். கடப்பாரையால் முன்னே தட்டிக்கொண்டே நடந்து, சிறுசிறு தூரத்திற்கு ஒருமுறை துளையிட்டு அளக்க வேண்டும். தனியே செல்லலாகாது, சேர்ந்து சென்றாலும் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நடக்க வேண்டும். மிதவைச் சட்டை அணிந்து, கூரிய ஆணி பொருத்திய இரண்டு கைப்பிடிகளைக் கழுத்தில் தொங்கவிட்டிருத்தல் அவசியம். சாங்கு போன்ற சுற்றுலா இடங்களுக்குச் செல்வோருக்கு அறிவுரை ஒன்றே: கரையிலிருந்து பாருங்கள், ஏரியின்மேல் கால் வைக்காதீர்கள்.

விழுந்துவிட்டால்

குளிர்நீர் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற கனடாவின் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், 'ஒன்று, பத்து, ஒன்று' என்னும் கணக்கைக் கற்பிக்கிறார். முதல் ஒரு நிமிடம் மூச்சிரைப்பை அடக்கி, மூச்சைச் சீராக்க வேண்டும். அடுத்த பத்து நிமிடம் கைகால்கள் பயன்படும். உணர்விழக்க ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். ஆகவே திகைப்பில் முதல் நிமிடத்தை இழந்துவிடாதிருப்பதே உயிர்காக்கும்.

வந்த திசைக்கே திரும்புங்கள். உங்களைத் தாங்கிய பனிக்கட்டி அங்கேதான் இருக்கிறது. கைகளை அதன்மேல் நீட்டி, கூரிய ஆணிகளைக் குத்தி, கால்களைப் பின்னே உதைத்து, வயிற்றால் வழுக்கி மேலேறுங்கள். எழுந்து நிற்காமல் உருண்டே கரையை நோக்கி வாருங்கள். காப்பாற்றச் செல்வோர் விளிம்புவரை ஓடுவது ஒரு மரணத்தை இரண்டாக்கும். கரையிலிருந்தே கயிறு, ஏணி, மரக்கிளை ஏதேனும் ஒன்றை நீட்டுங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, இந்தியாவில் 112 என்னும் எண்ணைத் தாமதமின்றி அழையுங்கள்.

பெற்றோரே, குளிர்தேசத்திலுள்ள பிள்ளைகளிடம் சுவெட்டர் போட்டாயா, சாப்பிட்டாயா என்று வாரந்தோறும் விசாரிக்கிறோம். உறைந்த ஏரிக்குப் போகிறேன் என்று அவர்கள் சொன்னால், இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: "எத்தனை அங்குலம் என்று அளந்தாயா?"