ஏழு ஜெர்சிகள்

கிள்ளானில் என்பிஏ பேசும் தமிழர்களை ஒரே மாமாக் கடை மேசையில் உட்கார வைத்துவிடலாம். எங்கள் மேசையில் ஐந்து பேர். பெயர் சொல்லி அழைப்பதை எப்போதோ விட்டுவிட்டோம். ஒருவன் வெஸ்ட்புரூக்காரன். ஒருவன் கிறிஸ் பால்காரன். ஒருவன் கறிக்காரன், ஸ்டீஃபன் கறியின் ஆள் என்பதால். சமையலுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. லின்காரன் சீன நண்பன், பண்டமாரான் புதுக்கிராமத்தைச் சேர்ந்தவன். நான் டெரிக் ரோஸ்காரன்.

ஐவரும் பாயிண்ட் கார்டு பெயரையே சுமக்கிறோம். லெப்ரான் கட்சி என்று ஒருவர்கூட இல்லை. இதற்குக் காரணம் உண்டு. பந்தை மேலே கொண்டுவந்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று விரலால் காட்டி, கடைசியில் யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுப்பவன் பாயிண்ட் கார்டு. பெரும்பாலும் அணியிலேயே குள்ளமானவனும் அவன்தான். கிறிஸ் பால் ஆறடி. ஏழடி ஆளைப் பார்த்து வாய் பிளக்கலாம், அவ்வளவுதான். ஆறடி ஆளைப் பார்க்கும்போது ‘நானும் அந்த பாஸைக் கொடுத்திருப்பேன்’ என்று ஒரு பொய் மனதுக்குள் ஓடும். அந்தப் பொய்யிலிருந்துதான் விசுவாசம் தொடங்குகிறது.

அமெரிக்காவில் இரவு ஆட்டம் என்றால் நமக்குக் காலை எட்டு, ஒன்பது மணி. வேலை நாளில் கைப்பேசியில் ஒளித்துப் பார்ப்பது. சனி, ஞாயிறு என்றால் ரொட்டி சானாய், தே தாரிக், சண்டை. சண்டையில் நான்கு தமிழர்கள் இருந்தாலும் லின்காரனுக்காகப் பாதி மலாயில்தான் நடக்கும். கேள்வி ஒன்றே: எவன் நம் விசுவாசத்துக்குத் தகுதியானவன்?

என் அப்பாவுக்கு இந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அவருக்குக் காற்பந்து, காற்பந்தில் ஆர். ஆறுமுகம். போர்ட் கிள்ளானில் பிறந்து, சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் காத்தவர். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கியவர். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற 1980 அணியின் காவலர். அந்த அணியை மனதில் வைத்து எடுத்த ‘ஓலா போலா’ 2016-இல் வந்தபோது, என் வயதுக்காரர்கள் பலர் அவரை முதல்முறையாகக் கேள்விப்பட்டார்கள். 1988-இல் சாலை விபத்தில் இறந்துபோனார். அப்பா இன்றும் அவரை ‘நம்ம ஆறுமுகம்’ என்றுதான் சொல்வார். ஊர், மொழி, முகம் மூன்றும் ஒன்றாக வந்த விசுவாசம் அது. தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

லின்காரனுக்கும் அப்படி ஒன்று கிடைத்தது, 2012 பிப்ரவரியில். ஜெரமி லின் தைவான் பெற்றோருக்குப் பிறந்தவர், ஹார்வர்டில் படித்தவர். டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. இரண்டு அணிகள் கழற்றிவிட்டன. நியூயார்க் நிக்ஸ் பெஞ்சில் கடைசி ஆளாக இருந்தவர், திடீரென்று வாய்ப்புக் கிடைத்து அணியைத் தொடர்ந்து ஏழு ஆட்டங்கள் வெல்ல வைத்தார். அதில் கோபி பிரையன்டின் லேக்கர்ஸுக்கு எதிராக 38 புள்ளிகள். பண்டமாரான் திடலில் அந்த வாரம் நின்றிருந்தால் தெரியும், எல்லாப் பையனும் லின். எங்களிடமும் அன்போடுதான் பேசினான் லின்காரன். ஆனால் அவன் குரலில் என் அப்பாவின் ‘நம்ம’ இருந்தது.

எங்களுக்கு அந்த ‘நம்ம’ கிடைக்கவில்லை. 2015-இல் சிம் புல்லர் என்ற பஞ்சாபி வம்சாவளிக் கனடியர் சாக்ரமெண்டோ கிங்ஸுக்காக இறங்கினார். என்பிஏவில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி. ஏழடி ஐந்து அங்குலம். கறிக்காரன் நிமிர்ந்து டிவியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “டேய், இவரு நம்ம ஆளா, நம்ம ஃபிளாட்டா?”

முகமும் இல்லை, ஊரும் இல்லை என்றால் எதை வைத்து ஓர் ஆளைப் பிடித்துக்கொள்வது? அவன் நடத்தையை வைத்துத்தான். இதனால்தான் எங்கள் சண்டைகள் புள்ளிக் கணக்கைவிட ஒழுக்கக் கணக்கில் அதிகம் நடந்தன.

ரோஸ் என் ஆளானது அப்படித்தான். சிகாகோவின் ஏழைப் பகுதியான எங்கிள்வுட்டில் வளர்ந்தவர். 2008 லாட்டரியில் 1.7 விழுக்காடு வாய்ப்பு மட்டுமே இருந்த சிகாகோ புல்ஸுக்கு முதல் தேர்வு விழ, சொந்த ஊருக்கே ஆட வந்தார். 2011-இல் 22 வயதில் எம்விபி, அந்த விருதை வாங்கியவர்களிலேயே இளையவர். மறு ஆண்டு ஏப்ரல் 28, பிளேஆஃப் முதல் ஆட்டம். புல்ஸ் 12 புள்ளி முன்னிலை, ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லை, அவர் களத்தில் இருந்திருக்கவே வேண்டாம். குதித்து இறங்கும்போது முழங்கால் தசைநார் அறுந்தது. அந்தப் பழைய ரோஸ் திரும்பி வரவே இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து சொந்த ஊர் அணி அவரை நியூயார்க்குக்கு மாற்றியது.

“முடிஞ்சு போனவனுக்கு என்னடா கட்சி?” என்பான் கறிக்காரன். 2018 நவம்பர் 1 காலை, தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கையில், மினசோட்டா ஜெர்சியில் யூட்டாவுக்கு எதிராக ரோஸ் 50 புள்ளிகள் அடித்து, ஆட்டம் முடிந்ததும் அழுதார். கறிக்காரன் குரூப்பில் எதுவும் சொல்லவில்லை. ஒரு தே தாரிக் படம் மட்டும் அனுப்பினான். அன்றைய மரியாதை அது.

ஆனால் எங்கள் மேசையின் பெரிய சண்டை ரோஸைப் பற்றியதல்ல. 2016 ஜூலையில் கெவின் டுரண்ட் ஓக்லஹோமாவை விட்டு, தங்களைத் தோற்கடித்த வாரியர்ஸ் அணியிலேயே போய்ச் சேர்ந்தார். ஒரே மாதத்தில் ரஸல் வெஸ்ட்புரூக் அதே ஓக்லஹோமாவுடன் ஒப்பந்தத்தை நீட்டித்தார். அடுத்த பருவத்தில் 42 டிரிபிள் டபுள். ஆஸ்கர் ராபர்ட்சனின் 1961-62 சாதனையான 41 உடைந்தது, எம்விபியும் கிடைத்தது. வெஸ்ட்புரூக்காரனுக்கு அது வேதம். “போனவன் போனான், இவன் நின்னான்” என்று மேசையைத் தட்டுவான். கறிக்காரன் விடமாட்டான்: “கறியும்தான் நின்னான். 2009-லேருந்து ஒரே டீம்.” அதற்குப் பதில் தயாராக இருக்கும்: “ஜெயிக்கிற வீட்டுல இருக்கறதுக்குப் பேரு விசுவாசமா லா?” 2019-20 பருவத்தில் வாரியர்ஸ் 15 வெற்றி, 50 தோல்வியோடு லீக்கிலேயே கடைசியில் கிடந்தது, கறி அப்போதும் போகவில்லை என்பதைக் கறிக்காரன் பின்னால் வட்டியோடு திருப்பிச் சொன்னான்.

கிறிஸ் பால்காரன் எப்போதும் தற்காப்பில்தான். நியூ ஆர்லியன்ஸ், கிளிப்பர்ஸ், ஹூஸ்டன் என்று போய்க்கொண்டே இருந்த ஆள், மோதிரம் ஒன்றும் இல்லை. “பஸ் டிரைவர்” என்று வெஸ்ட்புரூக்காரன் கிண்டலடிப்பான். “போற இடமெல்லாம் டீம் நல்லாவுதுல்ல, அதைப் பாரு” என்பான் இவன்.

அப்புறம் 2019 ஜூலை. ஒரு காலை எழுந்து பார்த்தால் ஓக்லஹோமாவும் ஹூஸ்டனும் வெஸ்ட்புரூக்கையும் கிறிஸ் பாலையும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டிருந்தன. நின்றவனும் போனவனும் ஒரே இரவில் ஜெர்சியை மாற்றிக்கொண்டார்கள். குரூப்பில் அன்று முழுக்கச் சிரிப்புதான், ஆனால் வெஸ்ட்புரூக்காரன் சிரிக்கவில்லை. அதன் பிறகு வாஷிங்டன், லேக்கர்ஸ், கிளிப்பர்ஸ், டென்வர், சாக்ரமெண்டோ. எண்ணிப் பார்த்தால் வெஸ்ட்புரூக் ஆடியது ஏழு அணிகளுக்கு. கிறிஸ் பால் ஆடியதும் ஏழு அணிகளுக்கு. எங்கள் மேசையின் விசுவாசிக்கும் நாடோடிக்கும் கடைசிக் கணக்கு ஒன்றுதான்.

2022 ஏப்ரலில் ஜொகூர் பாலம் மறுபடி முழுதாகத் திறந்தது. கொஞ்ச நாளில் வெஸ்ட்புரூக்காரன் கிள்ளானை விட்டுப் போனான். ஜொகூர் பாருவில் ஓர் அறை, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பாலம் கடந்தால் சிங்கப்பூரில் கிடங்கு வேலை. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். இந்தக் கணக்குத் தெரியாத தமிழ்க் குடும்பம் எங்கள் தாமானில் இல்லை. போவதற்கு முந்தைய வாரம் கறிக்காரன் கேட்டான்:

“என்னடா, டுரண்ட் ஆயிட்டியா?”

“டுரண்டுக்கு மோதிரம் வேணும். எனக்கு வீட்டுக்கு டெபாசிட் வேணும் லா.”

யாரும் “போகாதே” என்று சொல்லவில்லை. சொல்ல என்ன உரிமை இருக்கிறது? ஆனால் அன்றிரவு கிறிஸ் பால் நல்லவரா கெட்டவரா என்று குரூப்பில் இரண்டு மணி நேரம் சண்டை நடந்தது. கிறிஸ் பால்காரனுக்காக முதல்முறையாக வாதாடியவன் வெஸ்ட்புரூக்காரன்.

கிள்ளானுக்கென்று ஒரு பாயிண்ட் கார்டு இருந்தாரா என்றால், கிட்டத்தட்ட இருந்தார். புலாவ் இண்டாவில் துறைமுகம் நடத்தும் வெஸ்ட்போர்ட்ஸ் பெயரைத் தாங்கிய மலேசியா டிராகன்ஸ் அணி, 2016-இல் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸைத் தோற்கடித்து ஆசியான் கூடைப்பந்து லீக்கை வென்றது. பந்தைக் கொண்டுவந்தவர் ஜேசன் பிரிக்மன். அமெரிக்காவில் பிறந்தவர், தாய் பிலிப்பினோ. கல்லூரி ஆட்டத்தில் 1,009 அசிஸ்ட்; அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் ஆயிரத்தைத் தொட்ட நான்காவது ஆள். கோலாலம்பூர் மாபா அரங்கில் அவர் ஆடும்போது, பார்க்காமலே பின்னால் போகும் பந்து சரியான கையில் போய் விழும். கிண்ணத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு தாய்லாந்துக்கு ஆடப் போனார். எங்கள் மேசையில் யாரும் அவரைத் துரோகி என்று சொன்னதில்லை. அவர் வந்ததே வேலைக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அது தெரிந்ததால் எங்கள் கைதட்டல் குறையவும் இல்லை. தூரத்தில் இருக்கும் கோடீஸ்வர ஆட்டக்காரனிடம் மட்டும் நாம் ஏன் ‘நில்’ என்று கேட்கிறோம்? பக்கத்தில் இருப்பவனிடம் கேட்க முடியாததால்தான் என்று நினைக்கிறேன். தோட்டத்தை விட்டு வந்த தாத்தாவிடமோ, சிங்கப்பூருக்குப் போன நண்பனிடமோ அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. டிவிக்குள் இருப்பவனிடம் சொன்னால் யாருக்கும் வலிக்காது.

தகுதி என்ற சொல்லே இங்கே பொருந்தவில்லை. பாயிண்ட் கார்டின் வேலை பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது அல்ல. நேரம் பார்த்து விட்டுவிடுவது. விசிறிக்கும் அந்த வேலை கொஞ்சம் பழக வேண்டியிருக்கிறது. ரோஸ் 2024-இல் ஓய்வு பெற்றபோது குரூப்பில் முதலில் எழுதியவன், பாலம் கடக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த வெஸ்ட்புரூக்காரன். “உன் ஆளு நல்லாத்தான் ஆடினான்டா” என்று எழுதியிருந்தான். எந்த ஜெர்சியில் என்று அவன் எழுதவில்லை; எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.