மலை ஏறும் புகைவண்டியில் ஒரு நாள்

நாம் வாழும் ஓசூர் வட்டாரம் விரைவுக்குப் பெயர் பெற்றது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை இங்கே கால் ஊன்றியது முதல், ஷிப்டு நேரமே நம் நாட்களைப் பங்கிட்டுத் தருகிறது. இரவு வேலை முடித்துத் தந்தை வீடு திரும்பும் வேளையில் மகன் பள்ளிக்குப் புறப்பட்டுவிடுகிறான். தாய் பகல் ஷிப்டுக்குப் போய்விடுகிறாள். இன்னும் சிலர் நாள்தோறும் எல்லையைக் கடந்து, அத்திப்பள்ளிக்கு அப்பால் பெங்களூரு வரை சென்று மீள்கின்றனர். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும், எதிரெதிரே அமர்ந்து பேச அவர்களுக்கு வாய்ப்பதில்லை. வீடு சந்திப்புக்குச் செல்லும்போதெல்லாம் நான் காணும் குறை இது.

இத்தகைய குடும்பங்கள் சிலவற்றோடு கடந்த கோடை விடுமுறையில் பேருந்தில் மேட்டுப்பாளையம் சென்று, அங்கிருந்து நீலகிரி மலைப் புகைவண்டியில் உதகமண்டலம் வரை பயணம் செய்தேன். அந்த அனுபவத்தை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பயணத் திட்டத்தைப் பங்குப் பேரவையில் முன்வைத்தபோது எதிர்ப்பும் எழுந்தது. "சாமி, உதகைக்குப் பேருந்திலேயே போய்விடலாமே! இரண்டு மணி நேரத்தில் ஏறக்கூடிய மலையை ஐந்து மணி நேரம் ஏறுவானேன்?" என்றார் ஓர் அன்பர். கேள்வி நியாயமானதே. "அந்த ஐந்து மணி நேரத்திற்காகத்தான் போகிறோம்" என்றேன். பத்து மாதங்கள் சிறுகச் சிறுகச் சேமித்து, 46 பேர் புறப்பட்டோம்.

ஞாயிறு திருப்பலி முடிந்த பிற்பகலில் ஓசூரிலிருந்து கிளம்பிய பேருந்து கிருஷ்ணகிரியை நெருங்குகையில், எங்களுடன் வந்த மூதாட்டி ஒருவர் சாளரத்தின் வழியே வெளியே சுட்டிக்காட்டி, "இந்த ஊருக்கும் ஒரு காலத்தில் ரயில் வந்தது, சாமி. என் தாய் திருப்பத்தூரிலிருந்து மணப்பெண்ணாக அதில்தான் வந்து இறங்கினாராம்" என்றார். பேருந்தில் இருந்த இளைஞர்கள் நகைத்தனர். கிருஷ்ணகிரிக்கு ரயிலா என்பது அவர்கள் ஐயம்.

மூதாட்டி கூறியது முற்றிலும் உண்மை. பஞ்சக் காலங்களில் மக்களுக்குத் தானியம் கொண்டு சேர்க்கும் நோக்கத்தோடு, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பகுதியில் இரண்டு சிறு இருப்புப் பாதைகள் போடப்பட்டன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இலும், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இலும் வண்டிகள் ஓடத் தொடங்கின. பின்னது 1913-இல் ஓசூர் வரை நீண்டது. தண்டவாளங்களின் இடைவெளி இரண்டரை அடிதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல், இரண்டு பாதைகளும் மூடப்பட்டன. ஓசூருக்குப் பிற்காலத்தில் வேறொரு பாதை வந்தது. கிருஷ்ணகிரி நகருக்கோ அன்று சென்ற ரயில் இன்றுவரை திரும்பவில்லை. பாதை மூடப்பட்ட ஆண்டில் பிறந்தவர் அந்த மூதாட்டி. தாய் சொல்லக் கேட்டதன்றி அந்தச் சிறு வண்டியை அவர் கண்டதில்லை. அத்தகைய ஒரு வண்டியில் ஒருமுறையேனும் ஏற வேண்டும் என்பதே அவர் எங்களோடு வந்ததற்குக் காரணம். அதைக் கேட்டபின் நகைத்தவர்கள் அமைதியாயினர்.

தொப்பூர்க் கணவாயைக் கடந்து, சேலம், அவிநாசி வழியாக இரவில் மேட்டுப்பாளையம் அடைந்தோம். மறுநாள் காலை ஏழு மணியைக் கடந்ததும், நீல நிறப் பெட்டிகளுடன் வண்டி புறப்பட்டது. எங்கள் பேருந்து வெறுமையாய் மலைச்சாலையில் ஏறி, உதகையில் எங்களுக்காகக் காத்திருக்கும் என்று ஏற்பாடு.

இந்த மலைப்பாதையின் வரலாறே பொறுமையின் வரலாறு எனலாம். இதற்கான முதல் திட்டம் 1854-இல் எழுந்தது. நிறுவனங்கள் தொடங்கின, பணமின்றிக் கலைந்தன. 1891-இல் தொடங்கிய கட்டுமானம் 1899-இல் குன்னூரையும், 1908-இல் உதகமண்டலத்தையும் எட்டியது. மொத்த நீளம் 46 கிலோமீட்டர். அதற்குள் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி 2,200 மீட்டர் உயரத்திற்கு ஏறிச் செல்கிறது. 1999-இல் டார்ஜிலிங் மலைப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற யுனெஸ்கோ நிறுவனம், 2005-இல் இதனையும் அதனோடு சேர்த்தது.

கல்லாறு நிலையம் வரை பாதை ஏறத்தாழச் சமவெளியிலேயே செல்கிறது. பாக்குத் தோப்புகளின் குளிர்ச்சியில் பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தனர். கல்லாற்றுக்கு அப்பால் மலை செங்குத்தாய் எழுகிறது. அங்கிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு மீட்டர் செல்வதற்குள் ஒரு மீட்டர் ஏற வேண்டும். வழவழப்பான தண்டவாளத்தில் வழவழப்பான சக்கரம் இவ்வளவு சரிவில் வழுக்கிவிடும். ஆகவே இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்வி, படிப்படியாக வண்டியை மேலேற்றுகிறது.

இந்த இடத்தில் ஒரு தந்தையையும் மகனையும் பற்றிச் சொல்ல வேண்டும். தந்தை ஓசூர் ஆலை ஒன்றில் கியர் வெட்டும் இயந்திரத்தில் பணிபுரிபவர். மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தவன். மேற்படிப்பு பற்றி எழுந்த வாக்குவாதத்திற்குப் பின் இருவருக்கும் இடையே மாதக் கணக்கில் பேச்சு இல்லை என்பதை அவனுடைய தாய் என்னிடம் கண்ணீரோடு சொல்லியிருந்தார். "அப்பாவைப் போல் எண்ணெய்க் கறையோடு வாழ மாட்டேன்" என்று மகன் சொன்ன ஒரு சொல், தந்தையின் நெஞ்சில் தைத்துவிட்டது. பேருந்திலும் இருவரும் தனித்தனி வரிசைகளில்தான் அமர்ந்து வந்தனர்.

கல்லாற்றில் வண்டி நின்றபோது தந்தை இறங்கிப் பாதையருகே குனிந்து, அந்தப் பற்சட்டத்தை நெடுநேரம் நோக்கினார். சிறுவர் சிலர் அவரைச் சூழ்ந்து, "இது என்ன, மாமா?" என்று வினவ, அவர் விளக்கத் தொடங்கினார். "நன்றாகப் பாருங்கள், சட்டம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றில் பள்ளம் இருக்கிறது. சக்கரம் ஒரு பல்லை விடும் நேரத்தில் அடுத்த சட்டத்தின் பல்லைப் பிடித்திருக்கும். அதனால் பிடி ஒரு நொடியும் தளராது. இந்தப் பற்களின் அளவில் சற்றே பிழை நேர்ந்தாலும் வண்டி ஏறாது." ஆலையில் நாள் முழுதும் தாம் காக்கும் அளவையும் அவர் சொல்லிக் காட்டினார். ஒரு மயிரிழையைப் பலவாகப் பிளந்தாற்போன்ற அளவு அது. கூட்டத்தின் பின்னே நின்ற மகனும் கேட்டுக்கொண்டிருந்தான். வண்டி மீண்டும் நகர்ந்தபோது, அவன் தந்தையின் எதிர் இருக்கையில் வந்து அமர்ந்தான். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும் வேளையில், "அப்பா, நம்ம ஊர் ஆலையில் இதுபோலச் செய்ய முடியுமா?" என்று அவன் கேட்டது என் காதில் விழுந்தது. "ஏன் முடியாது?" என்று தந்தை சொல்ல, உரையாடல் தொடர்ந்தது. அவர் சொன்னது வெறும் பெருமையன்று. முற்காலத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்து வந்த எஞ்சின்களின் மாதிரியில், திருச்சி பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து இந்தப் பாதைக்குத் தந்திருக்கிறார்கள்.

இம்மலைவண்டியில் நான் கண்ட மற்றொரு சிறப்பு, எஞ்சின் நிற்கும் இடம். மலை ஏறுகையில் அது முன்னின்று இழுப்பதில்லை. பெட்டிகளுக்குப் பின்னே, தாழ்ந்த பக்கத்தில் நின்று தள்ளுகிறது. இறங்கும்போதும் அதே தாழ்ந்த பக்கத்தில் நின்று, பெட்டிகளின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு இறங்குகிறது. பின்னால் இருக்கும் ஓட்டுநருக்கு முன்னே உள்ள பாதை தெரியாது. ஆதலால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். பாறை விழுந்து கிடக்கிறதா, யானை நிற்கிறதா என்று முன்பெட்டியில் இருப்பவர் பார்த்துக் கொடி காட்ட, அந்தச் செய்தி பெட்டிக்குப் பெட்டி கைமாறி ஓட்டுநரை அடைகிறது. எஞ்சினின் ஊதல் கேட்டதும் ஒவ்வொருவரும் தத்தம் பெட்டியின் பிரேக்கை இயக்குகின்றனர். வெயிலிலும் சாரலிலும் நின்றபடியே வந்த அவர்களுக்கு எங்கள் தாய்மார்கள் சிற்றுண்டி கொடுத்தனர். பிள்ளைகள் கைகூப்பி நன்றி சொன்னார்கள்.

பற்சட்டப் பகுதியில் வண்டியின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். அந்த வேகத்தில் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. பார்க்கலாம், பேசலாம். முதல் அரை மணி நேரம் கைப்பேசியில் படம் எடுத்தவர்கள், பிறகு அதைப் பைக்குள் வைத்துவிட்டனர். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளான ஒரு தம்பதியர், தாங்கள் இருவரும் ஒன்றாய் ஐந்து மணி நேரம் அமர்ந்திருப்பது எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின் இதுவே முதன்முறை என்றனர். மூதாட்டியோ சாளரத்தை விட்டு அகலவில்லை. குகைக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் சிறுவர்களோடு சேர்ந்து அவரும் கூவினார்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டினார்கள். கேத்தி, லவ்டேல் நிலையங்களைக் கடந்து, நண்பகலில் உதகையில் இறங்கியபோது, எங்கள் பேருந்து எப்போதோ வந்து சேர்ந்து காத்திருந்தது. பேரவையில் எதிர்ப்புத் தெரிவித்த அந்த அன்பரே, "வந்த நேரம் போனதே தெரியவில்லை" என்றார்.

பயணத்தினால் எல்லாச் சிக்கல்களும் தீர்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஷிப்டு மாறவில்லை, மாறவும் போவதில்லை. ஆயினும் அந்த மகன் இப்போது, தந்தையின் வார ஓய்வு நாளில், அவரிடம் இயந்திரப் படம் வரையக் கற்றுக்கொள்வதாக அவனுடைய தாய் சொன்னார். எந்தப் படிப்பில் சேர்வது என்பதை இருவரும் சேர்ந்தே முடிவு செய்தார்களாம்.

வாசக அன்பர்களே, வாய்ப்புள்ளோர் இப்பயணத்தை மேற்கொள்ளுங்கள். இடங்கள் குறைவாதலால் முன்பதிவை மிக முன்னதாகவே செய்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவால் வண்டி அடிக்கடி நிறுத்தப்படுவதுண்டு. அம்மாதங்களைத் தவிர்த்தல் நலம். வீட்டு முதியோரை விட்டுவிட்டுச் செல்லாதீர்கள். உதகைக்குச் செல்ல இயலாதோர் வாரம் ஒருநாள் மாலையேனும் வீட்டில் எதிரெதிரே அமர்ந்து, உங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாள் முழுதும் நீங்கள் எதற்காக உழைக்கிறீர்கள் என்பதை அறிய அவர்களுக்கும் ஆவல் உண்டு.