காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

தமிழில் ‘இல்லை’ என்பதும் ‘காணவில்லை’ என்பதும் ஒரே பொருளைத் தருவன அல்ல. முன்னது பொருளைப் பற்றிய கூற்று. பின்னது தேடிய கண்ணைப் பற்றிய கூற்று. சாவியைக் காணவில்லை என்று ஒருவர் சொன்னால், அது எங்கோ இருக்கிறது என்றே கேட்பவர் புரிந்துகொள்கிறார். மார்பகப் பரிசோதனை அறிக்கைகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக் கூற்றுகளால் ஆனவை. ‘புற்றுநோய்க்கான அடையாளம் காணப்படவில்லை’ என்று மருத்துவர் கவனத்தோடு எழுதுகிறார். அதைக் கையில் வாங்கும் பெண்ணோ ‘இல்லை’ என்ற ஒரு சொல்லைத் தேடுகிறார். அந்த இடைவெளியில்தான் அச்சம் குடியேறுகிறது.

டெல்லியில் பொருளியல் கற்பிக்கும் தமிழ்ப் பெண் ஒருவருக்கு 38ஆம் வயதில் இடது மார்பில் சிறு கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டது. முதலில் மேமோகிராம் எடுத்தார்கள். மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் சிறு கட்டிகள் மறைந்திருக்கக்கூடும் என்றது அறிக்கை. அடர்ந்த திசுவும் கட்டியும் அந்தப் படத்தில் ஒரே வெண்மையாகத் தெரிவதே காரணம். அடுத்து அல்ட்ராசவுண்ட். நீள்வட்ட வடிவம், தெளிவான விளிம்பு, 11 மி.மீ. நீளம், பைராட்ஸ் வகைப்பாட்டில் எண் 3, அதாவது ‘பெரும்பாலும் தீங்கற்றது’. ஆறு மாதம் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மாணவர்களின் ஆய்வேடுகளில் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கண்டால் அடியில் கோடிட்டு, ‘எத்தனை விழுக்காடு?’ என்று ஓரத்தில் எழுதுவது அவர் வழக்கம். இங்கும் அதையே கேட்டார். விடை தெளிவாகவே கிடைத்தது: எண் 3 பெற்ற கட்டி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. நிகழ்தகவைப் பல ஆண்டுகள் கற்பித்தவருக்கு அந்த எண் ஆறுதல் தரவில்லை. 98 பேரோடு நிற்க வேண்டிய மனம் மற்ற இருவரின் பக்கமே போய் நின்றது. நான்கு நாள் கழித்து வேறொரு மையத்தில் ஸ்கேன் எடுத்தார். அங்கே 13 மி.மீ. என்று வந்தது. நான்கு நாளில் இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்துவிட்டதா என்று அவ்விரவு உறங்கவில்லை. கருவியைப் பிடிக்கும் கோணமும் அழுத்தும் கையும் மாறினால் இந்த அளவு வேறுபாடு வருவது இயல்பு என்று மறுநாள் கதிரியல் மருத்துவர் விளக்கும் முன்பே, மூன்றாவது ஸ்கேனுக்கு முன்பதிவு செய்திருந்தார்.

துல்லியம் பற்றிய தடுமாற்றம் நோயாளிகளுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சரும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், 160 மகளிர் நோய் மருத்துவர்களிடம் கேட்கப்பட்ட கணக்கு இடம்பெறுகிறது. ஆயிரம் பெண்களில் 10 பேருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பதாகக் கொள்வோம். மேமோகிராம் அவர்களுள் 9 பேரைக் கண்டுபிடிக்கும். நோயற்ற 990 பேருள் சுமார் 89 பேரையும் தவறாகச் சுட்டும். அப்படியானால் சுட்டப்பட்ட 98 பேரில் 9 பேருக்கே, அதாவது ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே நோய் உண்டு. இதே விவரங்கள் விழுக்காடுகளாகத் தரப்பட்டபோது, சரியான விடையைத் தேர்ந்த மருத்துவர்கள் 21 விழுக்காட்டினரே. தலைகளாக எண்ணக் கற்றபின் 87 விழுக்காட்டினர் சரியாகச் சொன்னார்கள். அறிவு மாறவில்லை, அது சொல்லப்பட்ட வடிவம் மாறியது.

அந்த ஆசிரியரைத் தடுமாற வைத்ததும் ஒரு சொல்லின் வடிவமே. ‘ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்’ என்று மருத்துவர் இந்தியில் சொன்னது, அவர் காதில் தமிழின் ‘பார்க்கலாம்’ ஆக விழுந்தது. கடன் கேட்டு வந்தவரிடமும் வரன் பேச வந்தவரிடமும் சொல்லித் தட்டிக்கழிக்கும் ‘பார்க்கலாம்’ அது. மருத்துவரோ அச்சொல்லை அதன் நேர்ப்பொருளில் ஆண்டிருந்தார். பார்ப்பதே அங்கு சிகிச்சையின் ஒரு பகுதி. ஒரு படம் கட்டியின் உருவத்தைத்தான் காட்டும். அதன் போக்கைக் காட்ட இரண்டாவது படம் வேண்டும். இடையில் ஒரு காலம் கழிய வேண்டும். நான்கு நாளில் எடுத்த இரண்டாவது ஸ்கேன் எதையும் சொல்லாததற்கு இதுவே காரணம்.

இந்தியாவிலேயே நிகழ்ந்த ஒரு பெரும் ஆய்வும் திரும்பத் திரும்பப் பார்ப்பதன் மதிப்பைக் காட்டுகிறது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் 1,51,538 பெண்களிடம் 20 ஆண்டுகள் நடத்தி, 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் மேமோகிராம் இல்லை. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 50க்கும் குறைந்த வயதினரிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை.

மருத்துவர் அவர்முன் இரண்டு வழிகளை வைத்தார். காத்திருப்பது தாங்க முடியாததாக இருந்தால் ஊசி வழித் திசுச் சோதனை செய்துகொள்ளலாம். மன அமைதியும் அதற்கு ஏற்ற காரணமே. காத்திருப்பதானால் அதற்கு ஒழுங்கு வேண்டும். இரண்டாவதைத் தேர்ந்த அவர் மூன்றாவது ஸ்கேனை நீக்கினார். நாளில் பலமுறை கட்டியைத் தொட்டுப் பார்த்து அவ்விடம் வலியெடுத்திருந்தது; அதை நிறுத்தினார். அடுத்த ஸ்கேன் அதே மையத்தில், பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி நாள் குறித்தார். கட்டி பெரிதானாலோ, தோல் சுருங்கினாலோ, காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ அந்நாள்வரை காத்திராமல் வர வேண்டும் என்பதையும் எழுதிவைத்தார். அச்சம் போய்விடவில்லை. ஆனால் அதற்கு இப்போது ஒரு தேதி இருந்தது. நாள்தோறும் வந்து நிற்க வேண்டிய தேவை குறைந்தது.

ஆறாவது மாதத்தில் இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். அதே வடிவம், அதே விளிம்பு, 12 மி.மீ. ‘குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை’ என்று எழுதினார் மருத்துவர். எண் 3 அப்படியே இருந்தது. அடுத்த ஸ்கேன் மேலும் ஆறு மாதம் கழித்து. அவர் தேடிய ‘இல்லை’ இம்முறையும் அறிக்கையில் இடம்பெறவில்லை. கோப்பை வாங்கிக்கொண்டு, இரண்டு மணி வகுப்புக்குக் கிளம்பினார்.